மஞ்சள் முக்கோணங்கள்

காலையில் பல் தேய்த்துக்கொண்டே கம்ப்யூட்டரைப் போட்டபோதுதான், முந்தின நாள் தான் செய்து வைத்த காரியம் மெக்கானிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உறைத்தது. திரையில் எழுத்தெல்லாம் கடைப் பெயர்ப்பலகை மாதிரி பெரிது பெரிதாக இருந்தது. நேற்று அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லையே, வயதான கண்ணுக்கு ஏற்றபடி வந்திருக்கிறதே என்று சந்தோஷமாக அணைத்துவிட்டுப் படுத்திருந்தார். இப்போது கீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தின் மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி. இன்டர்நெட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்று உருண்டை. அதை அழுத்தினால், இந்தக் கம்ப்யூட்டரில் வைஃபை என்ற ஒன்றே கிடையாது என்கிற தோரணையில் ஒரு வாக்கியம். வாயில் நுரையோடு அப்படியே நின்றார்.

அவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சுற்றுவட்டாரத்தில் உயரமான கட்டடங்களில் அவர் கை படாத லிஃப்ட் குறைவு. வாட்ச்மேன்களில் தொடங்கி அவருடைய மேலதிகாரி வரை எல்லோருக்கும் அவர் மெக்கானிக்தான். இன்று சனிக்கிழமை, லீவு சொல்லியிருந்தார். மதியம் மூன்று மணிக்கு வேறொரு நாட்டில், அங்கே அப்போது காலை நேரம், அவருடைய ஒரே மகளுக்குப் பதிவுத் திருமணம்.

மகள் போன் பண்ணித்தான் சொல்லியிருந்தாள். கூட்டமெல்லாம் கிடையாது, ஆபீஸில் போய்க் கையெழுத்துப் போடுகிறோம், அவ்வளவுதான் என்றாள். "ஆனா நீங்க பாக்கணும்பா. லிங்க் அனுப்பறேன், கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா போதும்" என்றாள். வாங்க என்று அவள் சொல்லவில்லை. வரட்டுமா என்று இவரும் கேட்கவில்லை. அவள் படிப்பு முடித்த வருடம் அவளும் அவள் அம்மாவும் இந்த வீட்டை விட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு மகள் மாதத்தில் ஒரு தடவையாவது கூப்பிடுவாள். அவள் அம்மா கூப்பிட்டதில்லை. பெரிய சண்டை என்று ஊரில் யாரும் பேசிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. சின்னச் சின்னதாகச் சேர்ந்து ஒருநாள் வழிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்தச் சின்னச் சின்னவற்றில் பெரியது எது என்று கேட்டால் அவர் மனைவி மகளிடம் ஒரே வரியில் சொல்வாள்: "ஓடுற வண்டியை நிறுத்திப் பிரிச்சுப் பாக்கறதுதான் உங்க அப்பாவுக்கு வேலை." பொய்யில்லை. வெளியூர் கிளம்ப வேண்டிய காலையில் ஸ்கூட்டரின் கார்ப்பரேட்டரைக் கழற்றித் துடைக்க உட்கார்ந்து ரயிலை விட்டவர் அவர். மகளுக்குப் பரீட்சை என்றால் அதற்கு முந்தின நாள்தான் அலாரக் கடிகாரம் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறதே என்று அவருக்குத் தோன்றும். எதையும் கெடுக்க வேண்டும் என்று அவர் நினைத்ததில்லை. நல்ல நாளன்று எதுவும் பிசகிவிடக் கூடாதே என்ற பயம்தான் அவரைப் பிரிக்க வைக்கும்.

இந்தத் தடவையும் அதுதான் நடந்தது. மகள் கல்லூரியில் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் அது. திறந்தால் டீ போட்டுக் குடித்து முடிக்கும் வரை யோசிக்கும். கல்யாணத்தின் நடுவில் படம் உறைந்துபோய் நின்றுவிட்டால்? கூட வேலை செய்கிறவர் ஒரு பென் டிரைவைக் கொடுத்து, உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டு இதிலிருக்கிற சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டால் புது மாப்பிள்ளை மாதிரி ஓடும் என்றார். போட்டார். எல்லாம் முடிந்து அது எழுந்து நின்றபோது, உங்கள் பெயர் என்ன என்று கேட்டது. அவருக்குத் திக்கென்றது. இத்தனை நாளும் திறந்தவுடன் மகள் பெயர்தான் வரும். தொப்பி போட்டுச் சிரிக்கிற அவளுடைய சின்னப் படம் பக்கத்தில் இருக்கும். அதை அழுத்தித்தான் உள்ளே போவார். தனக்கென்று ஒரு பெயர் அதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை. வேறு வழியில்லாமல் தன் பெயரை அடித்து உள்ளே போனார். உள்ளே யாரோ காலி செய்துவிட்டுப் போன வாடகை வீடு மாதிரி ஒரு வெறும் நீலம் இருந்தது.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தாயிற்று. இனிமேல் ஆவதைப் பார்க்க வேண்டியதுதான் என்று வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். தன்னோடு எந்தெந்தக் கருவி சேர்ந்திருக்கிறது என்று கம்ப்யூட்டர் காட்டுகிற பக்கத்தை எப்படியோ தேடித் திறந்தார். அதில் வரிசையாக மஞ்சள் முக்கோணங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஓர் ஆச்சரியக்குறி. பக்கத்தில் 'அடையாளம் தெரியாத சாதனம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழேயும் அதே. அவருக்குக் கோபம் வந்தது. அடையாளம் தெரியாமல் என்ன, நேற்று மத்தியானம் வரைக்கும் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கர்தானே இது? மூடியைக் கழற்றிப் பார்த்தார். எல்லாம் அதனதன் இடத்தில் ஒழுங்காகத்தான் இருந்தன. தூசியை மட்டும் ஊதிவிட்டு மூடினார்.

மூலைக்கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். ஓடிப்போய்க் கேட்டார். கடைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வைத்துவிட்டுப் போங்கள், திங்கட்கிழமை தருகிறேன் என்றார். மெக்கானிக் போகாமல் நின்றார். அவர் நின்ற விதத்தைப் பார்த்தோ என்னவோ, கடைக்காரர் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். பொருள் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அதை ஓட்டுகிற டிரைவர் புரோகிராம்கள்தான் அழிந்துபோயின, இறக்கிக்கொள்ளலாம் என்றார். எங்கேயிருந்து இறக்குவது என்று கேட்டதற்கு, இன்டர்நெட்டிலிருந்துதான் என்றார்.

"இன்டர்நெட்டே வரலையே."

"வைஃபை டிரைவர் போட்டா வரும்."

"அந்த டிரைவர் எங்க இருக்கு?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதைதான் என்றார். கல்யாணம் என்ற சொல் காதில் விழுந்ததும் மெக்கானிக்குச் சிரிக்க முடியவில்லை. பிறகு கடைக்காரரே வழியும் சொன்னார். நெட் உள்ள போன் ஒன்றை வயரால் கம்ப்யூட்டரில் சொருகிவிட்டால் அது வழியாக நெட் வரும், முதலில் வைஃபைக்கானதை இறக்கிவிட்டால் மற்றவை ஒவ்வொன்றாகத் தானே வந்துவிடும். மெக்கானிக் தன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அதில் இருந்தது பேசுவதற்கும் குறுஞ்செய்தி படிப்பதற்கும் மட்டுமே ஆன பட்டன் போன். லிஃப்ட் குழிக்குள் எத்தனை முறை விழுந்தாலும் சாகாது என்பதற்காகவே அதை வைத்திருந்தார்.

"வீட்ல வேற யார்கிட்டயும் போன் இல்லையா?" என்றார் கடைக்காரர்.

"வெளிய போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் இறங்கி நடந்தார்.

நடக்கும்போதுதான் யாரைக் கேட்பது என்ற யோசனை வந்தது. பென் டிரைவ் கொடுத்தவருக்குப் போன் அடித்தார்; மாமனார் வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கிறேன் என்றார் அவர். வேறு யார்? எத்தனையோ கட்டடங்களில் எந்த மாடியில் எந்தக் கதவு சரியாகச் சாத்தாது என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். ஆனால் உரிமையோடு தட்டக்கூடிய கதவு என்று ஒன்றை நினைக்கப் பார்த்தால் வரவில்லை. வேலைக்குப் போகிற இடங்களில் எல்லோரும் அவருக்காகக் காத்திருப்பார்கள், வந்தவுடன் அப்பாடா என்பார்கள், லிஃப்ட் ஓட ஆரம்பித்தவுடன் அதில் ஏறிப் போய்விடுவார்கள்.

எதிர் வீட்டு நர்ஸைக் கேட்கலாம். இரண்டு கதவுகளும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தாலும் பேச்சு என்னவோ தலையசைப்போடு சரி. ஒரே ஒரு தடவை மட்டும் நிறையப் பேசியிருக்கிறார்கள். இந்தக் கட்டடத்து லிஃப்ட்டே இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்று, உள்ளே அவள் தனியாக மாட்டிக்கொண்ட நாள் அது. உதிரிப் பொருள் வரும் வரை மெக்கானிக் வெளியே கதவோரம் தரையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். உள்ளே மாட்டிக்கொண்டவர்களிடம் பேச்சை விடக் கூடாது என்பது அவர் தொழிலில் கற்ற முதல் பாடம். காற்று வரும், கயிறு அறாது, நான் இங்கதான் இருக்கேன் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அன்று சொல்வதற்கு விஷயம் தீர்ந்துபோய், தன் மகளைப் பற்றியெல்லாம் சொன்னார். கதவு திறந்ததும் அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மறுநாளிலிருந்து பழையபடி தலையசைப்புதான். மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசுவது அவருக்குச் சுலபமாக இருந்தது. திறந்த கதவு முன்னால் நின்று பேசத்தான் வரவில்லை.

தட்டினார். ராத்திரி வேலை பார்த்துவிட்டு வந்து தூங்கிக்கொண்டிருந்தாள் போல. கலைந்த தலையோடு வந்து கதவைத் திறந்தவள், "லிஃப்ட் நின்னுடுச்சா?" என்றாள்.

"இல்ல சிஸ்டர். கம்ப்யூட்டர். டிரைவரெல்லாம் போயிடுச்சு."

அவள் கண்ணைக் கசக்கினாள். "போனா வேற ஆளைப் போட வேண்டியதுதானே. எங்க ஆம்புலன்ஸ்ல வாராவாரம் ஒருத்தர் போறாரு."

விளக்கிச் சொல்லிப் புரியவைத்தார். ஆஸ்பத்திரியில் இன்றைக்கு இரண்டு வேளையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், இரண்டரை மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும், அது வரைக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்று போனையும் வயரையும் எடுத்துக்கொண்டு அவளே கூட வந்தாள். வந்தவள் உட்கார இடம் தேடினாள். வீட்டில் நாற்காலி ஒன்றுதான், அது கம்ப்யூட்டருக்கு எதிரில் இருந்தது. மெக்கானிக் தன் கருவிப் பெட்டியை இழுத்துப் போட்டு, அதன்மேல் துண்டை விரித்து, அதில் தான் உட்கார்ந்துகொண்டார்.

வயரைச் சொருகியதும் வெற்று உருண்டை மறைந்து சின்னக் கணினிப் படம் ஒன்று வந்தது. அவருக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஆனால் இறக்குகிற வேலை எறும்பு மலையேறுகிற வேகத்தில்தான் நடந்தது. பச்சைக் கோடு கொஞ்சம் நகரும், நிற்கும், யோசிக்கும். வைஃபைக்கானது வந்து உட்கார்ந்ததும் ஒரு மஞ்சள் முக்கோணம் மறைந்தது. பிறகு திரைக்கானது வந்து, எழுத்தெல்லாம் சட்டென்று சுருங்கி ஒழுங்குக்கு வந்தன. கேமராவைக் கேட்கவே வேண்டாம், சொருகியவுடன் அது தானாகவே எழுந்துகொண்டது. சத்தம் மட்டும் வரவில்லை. கம்பெனியின் இணையப் பக்கத்தில் தேடி எடுத்துப் போட்டதை, இது உனக்கானது இல்லை என்று கம்ப்யூட்டர் திருப்பி அனுப்பியது.

என்ன அவசரம் என்று நர்ஸ் கேட்டாள். ஆபீஸ் மீட்டிங் என்றார். அவள் சுவரைப் பார்த்தாள். அங்கே இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை ஒன்று ஆணியில் தொங்கியது. அதில் கடைச்சீட்டுகூட இன்னும் எடுக்கப்படவில்லை. நெட் வருகிறதா என்று பார்ப்பதற்காக அவர் மெயிலைத் திறந்தபோது, மகள் அனுப்பியிருந்த அழைப்பு, மாப்பிள்ளையும் அவளும் நிற்கிற படத்தோடு திரை முழுக்க விரிந்துவிட்டது. இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்கள்.

"லிஃப்ட்டுக்குள்ள ஏன் ஜன்னல் இல்லைன்னு கேட்ட பொண்ணா?" என்றாள் நர்ஸ்.

அன்று கதவோரம் உட்கார்ந்து தான் சொன்னது அதுதானா என்று மெக்கானிக்குக்கே மறந்துபோயிருந்தது. தலையாட்டினார்.

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா அண்ணா" என்றாள். அது வரைக்கும் அவள் அவரை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. தாமதமாக வருகிறேன் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லட்டுமா என்று கேட்டாள். போனையாவது விட்டுவிட்டுப் போகட்டுமா, அதிலேயே பார்க்கலாமே என்றாள். வேண்டாம் சிஸ்டர், வார்டிலிருந்து கூப்பிடுவார்கள், வைஃபை வந்துவிட்டது, சத்தம் ஒன்றுதானே பாக்கி, அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பிடிவாதமாக அனுப்பி வைத்தார். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, சட்டையிலிருந்த கடைச்சீட்டைப் பிய்த்துத் தன் பையில் போட்டுக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. மெக்கானிக் ஸ்பீக்கர் டிரைவரின் இன்னொரு பதிப்பைத் தேடி இறக்கினார். அதை ஏற்றுவதற்கு ஒரு தடவை அணைத்துத் திறக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணிக்குக் கொஞ்சம்தான் இருந்தது. அணைத்தால் திரும்ப எழுந்து வருமா? வந்துவிடும். போன தடவை வந்ததே. வந்தால் சத்தத்தோடு வரும். மகள் பேசுவது கேட்கும். வராவிட்டால்? விரல் பொத்தானின் மேலேயே நின்றது. சத்தமில்லாமல் ஒரு கல்யாணத்தைப் பார்க்க எந்தத் தகப்பனுக்குத்தான் மனசு வரும்? பிறகு மவுஸை விட்டுக் கையை எடுத்து, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டார். அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, எழுந்து வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். லிங்க்கை அழுத்தினார்.

ஓர் அறை தெரிந்தது. நீளமான மேஜை, ஒரு பூச்சாடி, கண்ணாடி போட்ட அதிகாரி. தொலைவிலிருந்து பார்ப்பவர்கள் எல்லோரும் மைக்கை அணைத்து வைக்கவும் என்று மேலே எழுதியிருந்ததைப் படித்ததும் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. தன் பக்கத்திலிருந்து சத்தம் வரவில்லையே என்று யாரும் தேட மாட்டார்கள். மகள் உள்ளே வந்தாள். புடவை கட்டியிருந்தாள். அது அவளுக்குப் பழக்கமில்லை என்பது கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு நடந்த நடையிலேயே தெரிந்தது. மாப்பிள்ளை அவளை விடக் கொஞ்சம் குள்ளம், சிரித்தால் கண் காணாமல் போகிற முகம். அதிகாரி ஏதோ கேட்டார். மகள் வாய் அசைந்தது. மாப்பிள்ளை வாய் அசைந்தது. யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். மெக்கானிக்கும் ஒரு நொடி தள்ளிச் சிரித்தார்.

ஓரத்தில் மகளின் அம்மா நின்றிருந்தாள். முன்நெற்றியில் நரை இறங்கியிருந்தது. மறைக்காமல் விட்டிருந்தாள், அது நன்றாகவும் இருந்தது. அவள் கைக்குட்டையை மடித்து மடித்து இன்னும் மடிக்க முடியாத அளவுக்குச் சிறிதாக்கிக்கொண்டிருந்தாள். பயந்தால் அப்படிச் செய்வாள். மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரித் துண்டை அப்படித்தான் மடித்தாள். என்ன பயம் இப்போது, எல்லாம் நல்லபடியாகத்தானே நடக்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டும்போல இருந்தது. மகள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் அறையில் மின்விசிறி மட்டும் கிர்கிர்ரென்று சுற்றியது.

முடிந்துவிட்டது என்று நினைத்தார். ஆனால் படம் குலுங்கியது. கேமராவை யாரோ கையில் எடுத்து மகளிடம் கொடுத்தார்கள். திரை முழுக்க அவள் முகம். மை கொஞ்சம் கலைந்திருந்தது. அவள் அவரைப் பார்த்து, அவரை மட்டுமே பார்த்துப் பேச ஆரம்பித்தாள். முதலில் வந்தது அப்பா. அது மட்டும் உதட்டைப் பார்த்தே தெரிந்தது. அதற்குப் பிறகு நீளமாக எதையோ சொன்னாள். நடுவில் நிறுத்தி எச்சில் விழுங்கினாள். மறுபடி தொடர்ந்தாள். அவர் திரையை நோக்கிச் சாய்ந்துகொண்டே போனார், கிட்டே போனால் கேட்டுவிடும் என்பதைப் போல. கடைசியில் அவள் புருவத்தைத் தூக்கி நிறுத்தினாள். கேள்வி. பதிலுக்குக் காத்திருந்தாள்.

சத்தம் வரலைம்மா என்று எழுதிக் காட்டலாம். சைகை காட்டலாம். காதைத் தொட்டுக் கையை விரித்தால் போதும், புரிந்துகொள்வாள். பின்னால் அவள் அம்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டேன் என்று சொல்ல வேண்டியிருக்கும். இன்றைக்குமா என்று அந்த முகம் கேட்கும். மகள் இன்னும் காத்திருந்தாள். அவள் கண் நிறைந்துகொண்டு வந்தது.

மெக்கானிக் தலையாட்டினார். சரி என்று. ஒரு முறை இல்லை, நிறுத்த முடியாமல் ஆட்டிக்கொண்டே இருந்தார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பி அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அவள் அம்மா முன்னால் வந்து, வருடக்கணக்கில் பார்க்காத அவரை நேராகப் பார்த்து, ரொம்பச் சின்னதாக ஒன்று சொன்னாள். ஒரு சொல்லா, இரண்டு சொல்லா தெரியவில்லை. அதற்கும் தலையாட்டினார். மாப்பிள்ளை பக்கவாட்டில் தலையை நீட்டிக் கும்பிட்டார். பிறகு எல்லோரும் கையசைத்தார்கள், திரை கருத்தது.

கொஞ்ச நேரத்தில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. மகளிடமிருந்து குறுஞ்செய்தி. நீங்கள் சரி சொல்வீர்கள் என்று நினைக்கவே இல்லை அப்பா, அம்மாவுக்கும் நம்ப முடியவில்லை, மற்றதை நாளைக்கு விவரமாகப் பேசுகிறேன், அதற்குள் மனசு மாறிவிடாதீர்கள் என்று எழுதியிருந்தாள். அதை இரண்டு முறை படித்தார். எதற்குச் சரி சொன்னோம் என்று அதில் எங்கேயும் இல்லை. கூப்பிட்டுக் கேட்டால் இந்த நிமிடமே தெரிந்துவிடும். பட்டனை அழுத்தப் போனவர், நல்ல நாள், குழந்தை சந்தோஷமாக இருக்கட்டும், எப்படியும் நாளைக்குத் தெரியத்தானே போகிறது என்று போனைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார்.

அங்கே வாருங்கள் என்று கேட்டிருப்பாளோ? அல்லது நாங்கள் அங்கே வருகிறோம் என்றா? நாங்கள் என்றால் அவளும் மாப்பிள்ளையுமா, மூன்று பேருமா? இந்த இரண்டும் இல்லாமல், அவர் நினைத்தே பார்க்காத வேறு ஏதாவதா? வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒற்றை நாற்காலி, துண்டு விரித்த கருவிப் பெட்டி, திரையில் சத்தத்துக்கான அந்த ஒற்றை மஞ்சள் முக்கோணம். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து பயணப் பெட்டியை இறக்கினார். தூசியைத் துடைத்து, பூட்டு வேலை செய்கிறதா என்று பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, இத்தனை காலம் எடுக்காமல் வைத்திருந்த பெரிய விரிப்பை எடுத்து உதறி, கட்டிலின் நான்கு மூலைகளிலும் இழுத்துச் செருகினார். தலையணை ஒன்றுதான் இருந்தது. அதை நடுவில் வைத்தார். அப்புறம் ஓரத்துக்குத் தள்ளிப் பக்கத்தில் இடம் விட்டார். பெட்டியை வைக்க வேறு இடமில்லாததால், திறந்தபடியே அதைத் தூக்கி அந்த விரிப்பின் மேல் வைத்துவிட்டு, உள்ளே என்ன வைப்பது என்று தெரியாமல் வெள்ளைச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தார்.